ஹனிபாவும் பிறரும்

1

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த கிழமை, கற்பிட்டியிலிருந்து நானா, என் அண்ணன், அழைத்தார். நான் இங்கே, நோர்வேயின் பேர்கன் நகரில், பல்கலைக்கழக உணவகத்தில் மீன் சூப்போடு உட்கார்ந்திருந்தேன். சலாம் சொல்லி முடிக்குமுன்பே கேட்டார்:

"நுஸ்ரா, நம்மட வாப்பா எப்ப மூளையப் பத்தி ஆராய்ச்சி செஞ்ச?"

எங்கள் வாப்பா ஹனிபா படகு எஞ்சின் திருத்துபவர். கற்பிட்டித் துறையில் கெட்டுப்போன எஞ்சின் என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் மௌத்தாகிப் பல வருடங்கள் ஆகின்றன. மூளையைப் பற்றி அவர் சொன்னதாக எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: "ஒனக்கு மூளை இரிக்கா?" அது அண்ணனுக்குத்தான் அதிகம் கிடைத்தது.

"என்ன நானா சொல்றீங்க?"

"இங்க ஒரு மருத்துவ முகாம் போட்டாங்க. வெளியூர் ஆக்கள். மூக்குல எழுதுற பேனை மாதிரி ஒண்டைப் புடிச்சி, இது என்ன மணம் எண்டு கேட்டிரிக்காங்க. சலீமா மாமிக்கு ஒண்டும் சரி வரல்லயாம். மணம் கொறஞ்சி போச்சி, பின்னுக்கு கை நடுங்குற வருத்தம் வரலாம் எண்டு சொல்லிட்டாங்க. துண்டுப் பிரசுரம் ஒண்டும் குடுத்திரிக்காங்க. அதுல எழுதியிரிக்கி, கரையோர மீன்புடி ஆக்களுக்கு மணம் புடிக்கிற சக்தி கொறவு, ஹனிபாவும் பிறரும், கற்பிட்டி எண்டு."

பின்னால் மாமியின் குரல் கேட்டது. சலீமா மாமி என் உம்மாவின் தம்பியின் மனைவி. மாமா இல்லாமல் போன பிறகு கல்யாண வீடுகளுக்குச் சமைத்துப் பிள்ளைகளைக் கரைசேர்த்தவர். மூடியைத் திறக்காமலே, நாலு முழம் தள்ளி நின்று, "நெய்ச்சோறு அடிப்புடிக்கிது, நெருப்பக் கொற" என்பார்.

"ஒன்ட வாப்பா நல்ல மனுசன் எண்டுதான் இவ்வளவு நாளும் நெனச்சேன்," என்று போனைப் பிடுங்கிச் சொன்னார் மாமி. "எனக்கு மணம் தெரியாதெண்டு எழுதி வெச்சிட்டுத்தானா மௌத்தாகின?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மாமி சிரிக்கவில்லை.

2

அந்த ஹனிபா நான்தான். இதை மாமிக்கு விளங்கப்படுத்துவதற்குள் சூப் ஆறிவிட்டது.

என் முழுப்பெயர் முகம்மது ஹனிபா பாத்திமா நுஸ்ரா. ஊரில் இதில் யாருக்கும் குழப்பமில்லை. முன்னுக்கு வருவது வாப்பா, பின்னுக்கு வருவது நான். நோர்வே மொழியிலோ குடும்பப் பெயரைக் குறிக்கும் சொல்லுக்கே நேர்ப்பொருள் 'பின்பெயர்'. வந்த புதிதில், எல்லாவற்றுக்கும் பின்னால் வருவதைத்தானே கேட்கிறார்கள் என்று நுஸ்ரா என்று எழுதினேன். கடவுச்சீட்டிலோ வேறு மாதிரி இருந்தது. ஒரு அரசாங்கக் கந்தோர் என்னை நுஸ்ரா ஆக்கியது, இன்னொன்று ஹனிபா ஆக்கியது. மூன்றாவது கந்தோருக்கு ஹனிபா நீளமாகப் பட்டிருக்க வேண்டும், முகம்மதோடு நிறுத்திக்கொண்டது. ஆய்வுக் கட்டுரைகளும் அப்படியே மூன்று பெயர்களில் வெளிவந்தன.

நான் நரம்பியல் ஆய்வாளர். மணம் மூக்கிலிருந்து மூளைக்குள் எப்படிப் போகிறது, அங்கே எப்படி ஒரு பெயரைப் பெறுகிறது என்பதுதான் என் வேலை. எங்கள் தொழிலில் ஒருவருடைய கட்டுரையை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில், முதல் ஆசிரியரின் குடும்பப் பெயரோடு 'பிறரும்' என்று சேர்த்து, எத்தனை தடவை எடுத்துக் காட்டுகிறார்கள் என்பதை எண்ணுவார்கள். அதற்கென்று ஒரு குறியீடும் இருக்கிறது. பத்துக் கட்டுரைகளாவது ஒவ்வொன்றும் பத்துத் தடவையாவது எடுத்துக் காட்டப்பட்டிருந்தால் உங்கள் குறியீடு பத்து. இருபதுக்கு இருபது. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கும்போது, நீங்கள் யார் என்பதற்கு முன்னால் அந்த இலக்கத்தைத்தான் பார்ப்பார்கள்.

நானும் அந்த நேரம் விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருந்தேன். மூன்று பேராகப் பிரிந்து கிடந்தவளை ஒருத்தியாக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் அதற்கென்று ஒரு பெண்மணி இருந்தார். மிகவும் பொறுமையானவர்.

"இந்த மூவரில் நீங்கள் யார்?" என்று கேட்டார்.

"மூவரும் நான்தான்."

"அப்படியானால் ஹனிபா?"

"அது என் அப்பா."

"அவரும் நரம்பியல் ஆய்வாளரா?"

"இல்லை. படகு எஞ்சின் திருத்துபவர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் ஏன் உங்கள் கட்டுரைகளை எழுதினார்?"

இதையெல்லாம் பக்கத்து மேசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மகள் சுமையா வெளியே வந்ததும் சொன்னாள்: "உம்மா, எனக்கு ஒரே ஒரு பேர் வெச்சதுக்கு தேங்ஸ்." தமிழில்தான் சொன்னாள். அதற்காகவே கோபித்துக்கொள்ளவில்லை. பதினைந்து வயதில் அவளாகத் தமிழில் பேசுவது, எங்கள் வீட்டில், மழை ஓய்ந்த பேர்கனைப் போல. அபூர்வம்.

3

மூன்று பேரும் ஒருத்தியான அன்று என் கட்டுரைப் பட்டியலின் உச்சியில் ஏறி நின்றது நான் எதிர்பார்க்காத ஒரு கட்டுரை. கற்பிட்டிக் கட்டுரை.

கலாநிதிப் பட்டம் முடித்த புதிதில் அதைச் செய்தேன். மணம் குறைவது சில மூளை நோய்களின் முன்னறிகுறியாக இருக்கலாம் என்பதால், அதைச் சோதிக்க ஐரோப்பாவில் ஆயத்தச் சோதனைகள் இருக்கின்றன. மணம் ஊறிய பேனை போன்ற ஒன்றை மூக்கருகே பிடித்து, நாலு பெயர் சொல்லி, எது என்று கேட்பார்கள். பைன் மரப் பிசின், லாக்ரிஸ் என்ற கறுப்பு மிட்டாய் என்று போகும். அதை ஊருக்குக் கொண்டுபோய்க் கேட்டபோது எங்கள் ஆட்கள் பாதிக்கு மேல் தோற்றார்கள். லாக்ரிஸை 'இருமல் மருந்து' என்றார்கள். பிறகு நானே ஒரு சோதனை செய்தேன். கருவாடு, கராம்பு, கறுவாப்பட்டை, மண்ணெண்ணெய், அத்தர், நல்லெண்ணெய். அதில் அதே ஆட்கள் நன்றாகத் தேறினார்கள். கட்டுரையின் முடிவு ஒரே வசனம்: குறை மூக்கில் இல்லை, சோதனையில்தான்.

சிறிய சஞ்சிகை ஒன்றில் வந்தது. வாசித்தவர்களை ஒரு முச்சக்கர வண்டியில் ஏற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஹனிபா என்ற பெயரில் இருந்ததால் பிறகு அதன் கணக்கும் என் கண்ணில் படவில்லை. இப்போது பார்த்தால் என்னுடைய மற்ற எல்லாக் கட்டுரைகளையும்விட அதைத்தான் அதிகம் பேர் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

முதலில் சந்தோஷம்தான். அடுத்ததாக, நானாவின் அழைப்பு நினைவுக்கு வந்தது. எடுத்துக் காட்டியவர்கள் என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

"மீன்பிடி மக்களிடையே மணவுணர்வு குறைவு என்பது அறியப்பட்டதே: ஹனிபாவும் பிறரும்." அடுத்தது: "நீண்டகாலம் கருவாட்டு மணத்தில் வாழ்வது மூக்கின் நரம்புகளைப் பாதிக்கிறது: ஹனிபாவும் பிறரும்." நான் கருவாட்டைக் குற்றஞ்சாட்டி ஒரு சொல் எழுதியதில்லை. கருவாடு என் கட்டுரையில் நல்ல பிள்ளையாக வந்தது.

கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். எப்படி நடந்தது? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒவ்வொரு கட்டுரையிலும் இந்த வசனத்துக்கு முன்னால் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று பின்னோக்கிப் போனேன். ஆய்வுக்கூடத்தில் எலிகளின் மூளைச் சிலைடுகள் எனக்காகக் காத்திருந்தன. அவற்றை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று விசாரிப்பவள் மாதிரி, கிழமைக் கணக்கில் இதிலேயே கிடந்தேன். ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருந்தார், மற்றவர் இன்னொருவரை. ஏறக்குறைய யாருமே என் கட்டுரையைத் திறந்து பார்க்கவில்லை. கடைசியில் எல்லாத் தடங்களும் ஒரே இடத்தில் போய் முடிந்தன: தெற்கு ஐரோப்பாவில் ஒரு பெண் ஆய்வாளர். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

அவருக்கு எழுதினேன். மறுநாளே கணினித் திரையில் வந்தார். என் வயதுதான் இருக்கும், கண்களில் களைப்பு.

"எங்கள் நூலகத்தில் உங்கள் சஞ்சிகை இல்லை," என்றார். "முதல் பக்கமும் முதல் அட்டவணையும்தான் கிடைத்தன. அதில் சரியாகச் சொன்னவர்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தது. அதை எழுதினேன்."

"இரண்டாம் அட்டவணையில்தான் விஷயம் இருக்கிறது."

"நேற்று இரவு முழுவதையும் படித்தேன்." அச்செடுத்த தாள்களைத் தூக்கிக் காட்டினார். "நான் எழுதியதற்கு நேரெதிராகச் சொல்லியிருக்கிறீர்கள். சேர்ந்து ஒரு திருத்தம் எழுதுவோமா?"

சண்டைக்குத் தயாராகப் போனவளுக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தால் என்ன செய்வது? சேர்ந்து எழுதினோம்.

4

துறைத் தலைவர் நல்ல மனிதர். என் விண்ணப்பத்தில் என்னைவிட அக்கறையாக இருந்தார். திருத்தத்தைப் பற்றிச் சொன்னதும் உட்கார்ந்திருந்த கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.

"இப்போது வேண்டாம்," என்றார். "நியமனக் குழு கூடி முடியட்டும். உன் பட்டியலில் அதுதான் முதலாவது. அதைப் பிழையாக எடுத்துக் காட்டுகிறார்கள் என்று நீயே போய்ச் சொல்வாயா?"

"எண்ணிக்கை குறையாதே. பிழையாகக் காட்டினாலும் ஒன்று ஒன்றுதானே?"

"ஆனால் கேட்கிறவர் மனதில் குறையும்."

அவர் சொன்னது நியாயமாகவும் பட்டது. பதவி கிடைத்தால் சொந்த ஆய்வுக்குழு வைக்கலாம். கிடைக்காவிட்டால் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் தாவும் வாழ்க்கைதான். ஆனால் முகாமில் மாமியின் கையில் கொடுத்த அந்தத் துண்டுத்தாள் கண்ணுக்குள்ளேயே நின்றது. குழு கூடும் வரை காத்திருந்தால் அதற்குள் இன்னும் எத்தனை கரையோரங்களில் யார் யார் பயந்துபோவார்கள்?

திருத்தத்தை அனுப்பிவிட்டோம். விண்ணப்பத்திலும் ஒரு பந்தி சேர்த்தேன்: இந்தக் கட்டுரை பெரும்பாலும் பிழையாகவே எடுத்துக் காட்டப்படுகிறது, உண்மையில் அது சொல்வது இது. துறைத் தலைவர் படித்துவிட்டு, "நீ பிடிவாதக்காரி," என்று மட்டும் சொன்னார்.

5

பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போனோம். காற்றுக் காலம். ஆலங்குடாப் பக்கம் பெரிய பட்டங்களை இடுப்பில் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் பலகைகளில் கடல்மேல் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். சுமையாவுக்கு அங்கேயே இருந்துவிட ஆசை. எனக்கோ மாமியைச் சோதிக்க அவசரம். சோதனைதான் பிழை என்பதை அவருடைய மூக்கைக் கொண்டே நிரூபித்து, பயத்தைப் போக்கிவிட்டு வரலாம் என்றிருந்தேன்.

நானாவின் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், சின்னப் போத்தல்களில் பஞ்சு வைத்துக் கருவாடு, கராம்பு, கறுவா எல்லாம் ஆயத்தம் செய்தோம். மாமிக்கு விளையாட்டாக இருக்கட்டும் என்று முதலில் நானா உட்கார்ந்தார். கருவாட்டு வியாபாரி. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னதோடு, "இது கட்டாக் கருவாடு. பாரை எண்டு நெனச்சியா?" என்று கூடுதலாகவும் சொன்னார். அடுத்தது சுமையா. அத்தரைக் குளிக்கிற சவர்க்காரம் என்றாள், நல்லெண்ணெயைப் பெயின்ட் என்றாள். கருவாட்டுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"கற்பிட்டிச் சோதனைப்படி ஒன்ட மகளுக்குத்தான் கை நடுங்குற வருத்தம்," என்றார் நானா. எல்லோரும் சிரித்தோம். என் கட்டுரை முழுவதையும் அந்த ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார் என்று எனக்குப் பட்டது.

பிறகு மாமி. முதல் போத்தலை மூக்கருகே பிடித்தேன். மண்ணெண்ணெய்.

"கறுவா," என்றார்.

பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்தது கராம்பு. கொஞ்சம் யோசித்து, "அத்தர்," என்றார். மூன்றாவது கருவாடு. போத்தலைப் பிடித்திருந்த என் கையை மெல்ல விலக்கினார்.

"நானாவக் கூட்டிக்கிட்டு எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க. நுஸ்ரா மட்டும் நில்லு."

கதவு சாத்தியதும் முக்காட்டைச் சரிசெய்தார். என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்குத் தெரியும் மகள். அவங்க வந்து பேனையப் புடிக்க முந்தியே தெரியும். அந்தக் கொரோனா வந்திச்சே, அதுல படுத்து எழும்பின பொறகு ஒண்டுமே வருகுதில்ல. நெய்யும் ஒண்டுதான், தண்ணியும் ஒண்டுதான்."

"கல்யாணத்துக்குச் சமைக்கிறீங்களே மாமி?"

"பக்கத்து வீட்டுப் புள்ள றிப்காவ கூட வெச்சிக்குவேன். பாரு புள்ள, ஒனக்கு எப்படி வருது எண்டு கேப்பேன். அவ பழகுறா எண்டு நெனச்சிக்கிட்டுச் சொல்லுவா. அதக் கேட்டு நான் நெருப்பக் கொறைப்பேன்." அடுப்படித் துணியை எடுத்து மடித்தார். "சலீமாக்கு மணம் தெரியாதெண்டா யாரு கூப்புடுவாங்க? ஒரு நாள் கேஸ் அடுப்பு தொறந்து கெடந்திரிக்கி. வாசல்ல போற பொடியன் வந்து சொல்லித்தான் தெரியும். அண்டைக்கி ராவெல்லாம் அழுதேன்."

கையிலிருந்த போத்தலை மூடி வைத்தேன். தவறான சோதனை, தவறான மேற்கோள், தவறான துண்டுப் பிரசுரம். இத்தனை பிழைகளும் சேர்ந்து தற்செயலாக ஒரு உண்மையான ஆளின் மேல் வந்து நின்றிருந்தன. மாமி போனில் அவ்வளவு கோபப்பட்டது பொய் சொன்னார்கள் என்பதற்காக இல்லை. கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்காக.

"அந்த நடுக்கம் எனக்கு வருமா?" என்று கேட்டார். அதுதான் அவரை இவ்வளவு நாளும் தின்றிருக்கிறது. முகாமில் யாரும் கொரோனாவைப் பற்றிக் கேட்கவில்லை. உலகத்து மணச் சோதனைகளையெல்லாம் படித்த நானும், அந்த நிமிடம் வரை, 'எப்போதிலிருந்து மாமி?' என்று கேட்க நினைக்கவில்லை.

"கொரோனாவுக்குப் பொறகுதான் எண்டா, அதால வந்ததா இருக்கத்தான் கூடுதலான சந்தர்ப்பம் மாமி. அது வேற, நடுக்கம் வேற. ஆனா நான் டொக்டர் இல்ல. காட்டிட்டுக் கதைப்போம்."

"டொக்டர் இல்லாம என்னத்துக்கு ஒன்ன டொக்டர் எண்டு சொல்றாங்க?"

"அது எழுதுற டொக்டர்."

மாமி முதல்முறையாகச் சிரித்தார்.

6

கொழும்பில் மூக்கு வைத்தியரும் நரம்பு வைத்தியரும் பார்த்தார்கள். நடுக்க நோயின் அடையாளம் எதுவும் இப்போதைக்கு இல்லை என்றார்கள். காய்ச்சலுக்குப் பின் மணம் போனால் சிலருக்கு மெல்லத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கடுமையான மணமுள்ள சில பொருட்களைக் காலையும் மாலையும் கொஞ்ச நேரம் மோந்து பார்த்து, அதன் பழைய மணத்தை மனதில் நினைத்துப் பார்க்க வேண்டும். நரம்புகள் பாதையை மீண்டும் தேடும் என்பது நம்பிக்கை. ஏன் அது சிலருக்கு வேலை செய்கிறது, சிலருக்கு இல்லை என்பது எனக்கும் தெரியாது. இப்போது என் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியே அதுதான்.

மாமி றிப்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை, "எனக்குத் தெரியும் மாமி," என்றாளாம். இருவரும் சேர்ந்துதான் இன்னும் கல்யாண வீடுகளுக்குப் போகிறார்கள். கேஸ் திறந்திருந்தால் கத்தும் கருவி ஒன்றை நானா வாங்கிப் பூட்டியிருக்கிறார்.

பதவி எனக்குக் கிடைத்தது. குழுவின் அறிக்கையில் என் கற்பிட்டிக் கட்டுரையைத் தனியாகப் பாராட்டியிருந்தார்கள்: பரந்த தாக்கம் கொண்டது, உலகெங்கும் எடுத்துக் காட்டப்படுவது. நான் சேர்த்த பந்தியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எங்கள் திருத்தமும் வெளிவந்துவிட்டது. அதை இதுவரை ஓரிருவர்தான் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பிழை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, திருத்தம் அதன் பின்னால் நடந்துபோகிறது. புதிதாக யாராவது பிழையாக எழுதினால் நானோ அந்தத் தெற்கு ஐரோப்பியத் தோழியோ அவருக்கு எழுதுகிறோம். எழுதியவர்களில் பலர் மறுமொழி தருகிறார்கள். இவ்வளவு பேரோடு பழகக் கிடைத்தது அந்தப் பிழையால்தான்.

நான் எதிர்பார்க்காதது சுமையாவை. ஊரிலிருந்து வந்த பிறகு, ஒவ்வொரு நாளும் பள்ளிக்குப் போகுமுன் மாமிக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுக்கிறாள். மாமியின் பயிற்சியைக் கவனிப்பது தன் பொறுப்பு என்று தானாகவே எடுத்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழில் மோப்பது வேறு, மணப்பது வேறு என்று பிடிபடவில்லை. முதல் நாள், "மாமிம்மா, இண்டைக்கி மணக்கிறீங்களா?" என்று கேட்டாள். மாமி விழுந்து விழுந்து சிரித்து, "குளிச்சிட்டுத்தான் வந்தேன் மகள்," என்றார். அதைத் திருத்தப் போன என்னை மாமி விடவில்லை. அவளும் அப்படியேதான் கேட்டு வருகிறாள்.

பல மாதங்கள் மாமியின் பதில் ஒன்றுதான்: "இல்ல மகள், ஒண்டும் இல்ல." அதைக் கேட்டுக் கேட்டு நான் நம்பிக்கை இழந்திருந்தேன். சுமையா இழக்கவில்லை. நாளைக்கு எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

போன கிழமை, நான் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்க, அவள் வழக்கம்போலக் கேட்டாள். திரையில் மாமி கராம்புப் போத்தலை மூக்கில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். வெகுநேரம் பேச்சில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நானும் எழுந்து வந்து பார்த்தேன்.

"மாமிம்மா?"

"கொஞ்சம் பொறு," என்றார் மாமி, கண்ணைத் திறக்காமல். "என்னமோ ஒண்டு இரிக்கி."

"என்ன? கராம்பா?"

"தெரியாது மகள். கராம்பு மாதிரி இல்ல. வேற ஒண்டு மாதிரியும் இல்ல." போத்தலை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். "ஆனா ஒண்டு இரிக்கி."

சுமையாவின் பஸ் வந்து, நின்று, போனது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.